மாடியில் வந்த கடிதம்

என் மேசையிலிருந்த பிரிண்டர் பழுதானதால் பிரிண்ட் எடுக்கக் காளவாசல் கடைக்கு அலைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் மருமகள் என் கம்ப்யூட்டரில் எதையோ மாற்றிவிட்டு, "இனி இங்கனயே பிரிண்ட் குடுங்க மாமா," என்றாள். பழையதைச் சரிசெய்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

மருமகள் என்னைக் கவனிப்பதே இல்லை என்று மகளுக்கு ஒரு கடிதம் அடித்து, பட்டனை அழுத்தினேன். தாள் வரவில்லை. ஒன்றும் புரியாமல் ஏழு முறை அழுத்தினேன்.

மாடியிலிருந்து மருமகள் தாள்களோடு இறங்கி வந்தாள். தன் அறையிலுள்ள பிரிண்டரைத்தான் வைஃபை வழியாக எனக்கும் இணைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"ஒரே லெட்டர் ஏழு தடவை வந்திருக்கு மாமா. இம்புட்டு எதுக்கு?"

"ஒண்ணுமே வேணாம்மா."

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். படித்தாளா என்றுகூட நான் கேட்கவில்லை. எழுத்துத் தெரியாதபடி தாள்களைக் கவிழ்த்துத்தான் என்னிடம் நீட்டினாள்.