கயிற்றை வெட்டிய அத்தியாயம்

என் நாவலில் ஒரு மனிதனைக் கொலைகாரனாக்கினேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்த பிழை என்று சொல்ல இடமில்லை. கதை நன்றாக நிற்க வேண்டும் என்பதற்காக, அத்தியாயங்களை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்து, யோசித்தே செய்தேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே போக எங்களுக்கு இருந்த வழி கிளாலிக் கடல்தான். கடற்படையின் கண்ணில் படாமல் இரவில்தான் கடப்போம். எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று முன்னால் போகும். எஞ்சின் இல்லாத வள்ளங்களைக் கயிற்றில் தொடுத்து அது இழுத்துப் போகும். அன்று எங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு வள்ளம். முன் வள்ளத்தை ஓட்டியவர் குருநகரைச் சேர்ந்த ஓர் இளம் மீனவர். பின் வள்ளத்தில் சுக்கான் பிடித்தவர் அவருடைய அக்காவின் கணவர். நான் முன் வள்ளத்தில் இருந்தேன். கொழும்பில் இருந்த மகனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

எஞ்சின் இடையில் நின்று எங்களைத் தாமதப்படுத்திவிட்டது. அக்கரை தெரியும் முன்பே வானம் வெளுத்தது. கடற்படையின் துப்பாக்கிச் சூடு விழத் தொடங்கியது. அடிபட்டது பின் வள்ளம். அது தண்ணீர் ஏறித் தாழத் தாழ, கயிறு எங்கள் வள்ளத்தையும் கீழே இழுத்தது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். அடிபட்டுக் கிடந்தார்களா, பயத்தில் படுத்திருந்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஓட்டி எஞ்சினை விட்டுவிட்டுக் கயிற்றைக் கையால் பிடித்து இழுத்தார். பின் வள்ளத்தைக் கிட்டக் கொண்டுவரப் பார்த்தார். அது வரவில்லை. எங்கள் கால்களுக்கிடையே தண்ணீர் ஏறியது. அப்போது "வெட்டு, கயிற்றை வெட்டு" என்று முதலில் கத்தியவன் நான். வகுப்பறையில் பழகிய குரல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் கத்தினார்கள். அவர் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வெட்டினார்.

நாங்கள் கரை சேர்ந்தோம். பின் வள்ளத்தில் இருந்த ஒருவரும் சேரவில்லை.

நான் படிப்பித்தது தமிழ் இலக்கியம். ஓய்வு பெற்ற பிறகு, பல வருடங்கள் மனதில் வைத்திருந்த நாவலை எழுதினேன். அதில் அந்தக் கடலும் வந்தது, நடந்தது நடந்தபடி. கையெழுத்துப் பிரதியை என்னோடு படிப்பித்த நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"கோவிக்காதையும். உம்மடை நாவல் கிளாலிக்கரைக்குப் போகுமட்டும் நல்லா ஓடுது. கடலுக்கை இறங்கினவுடனை படுத்திட்டுது."

"அங்கைதானே ஆக்கள் சாகினம்?"

"சாகினம். ஆனால் ஆரும் ஒண்டும் செய்யேல்லையே. வெடி வருது, வள்ளம் தாழுது, எல்லாரும் கத்துகினம், கயிறு போகுது. இதிலை நான் ஆரை வெறுக்கிறது?"

"உண்மையிலை அப்பிடித்தான் நடந்தது."

"அப்ப பேப்பருக்கு எழுதும். ஏன் நாவல்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. நானே மாணவருக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். சம்பவங்கள் வரிசையாக வந்தால் மட்டும் கதை ஆகாது. முன்னால் நடந்தது பின்னால் நடப்பதைப் பெற்றெடுக்க வேண்டும். யாரோ ஒருவர் ஒன்றை விரும்ப வேண்டும், அதற்காக ஒன்றைச் செய்ய வேண்டும், அதன் விலையை யாரோ கொடுக்க வேண்டும். பலர் சேர்ந்து பயத்தில் செய்த ஒன்றை வைத்து உச்சக்கட்டம் கட்ட முடியாது.

கூடத்தில் சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, அத்தியாயச் சுருக்கங்களை அரைத் தாள்களில் எழுதி, உடுப்புக் கிளிப்பால் தொங்கவிட்டேன். என் மனைவி அதற்குக் கீழே குனிந்து குனிந்து போய்வந்தாள். "உது எப்ப காயும்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். நல்ல உற்சாகத்தில் இருந்தேன்.

வள்ளம் ஏறும்போது அந்த இருவருக்கும் நடந்த சின்ன வாக்குவாதம் எனக்கு நினைவில் இருந்தது. யார் முன்னுக்குப் போவது என்பதுதான். அதை ஊதி, எஞ்சின் யாருக்குச் சொந்தம் என்ற பழைய பகையாக்கி, நாலாம் அத்தியாயத்தில் வைத்தேன். பிறகு கடல் அத்தியாயத்தில் இரண்டு தாள்களை இடம் மாற்றினேன். சூடு விழும் தாள் பின்னால் போனது. கயிறு வெட்டும் தாள் முன்னால் வந்தது. அவ்வளவுதான். இப்போது முன் வள்ளத்தில் இருக்கும் அக்காவின் தம்பி கயிற்றை வெட்டிவிட்டுப் போகிறான், கைவிடப்பட்ட வள்ளம் விடியும் வரை நடுக்கடலில் மிதந்து அடிபடுகிறது. கத்தியவர்கள் தேவைப்படவில்லை. முக்கியமாக, முன் வள்ளத்தில் இருந்த வாத்தியார் ஒருவர் கதைக்கு எதையும் சேர்க்கவில்லை. அவரை எடுத்துவிட்டேன்.

அந்தத் தாளைக் கழற்றும்போது எனக்கு வந்தது நிம்மதி. கதை இறுகிவிட்ட நிம்மதி என்று அன்று நினைத்தேன்.

மற்றதெல்லாம் உள்ளபடியே விட்டேன். இடது கைப் பழக்கம், கழுத்தில் அந்தோனியார் பதக்கம், பின் வள்ளத்தில் அக்காவின் கணவர். அவை உயிரான விவரங்கள், மாற்ற மனம் வரவில்லை. குருநகரில் நாவல் வாசிப்பவர் யார் என்றும் எண்ணியிருப்பேன்.

வெளியீட்டு விழாவில் பேசிய எல்லோரும் அந்த அத்தியாயத்தையே புகழ்ந்தார்கள். வெளிநாட்டிலிருந்தும் கேட்டு வாங்கினார்கள். அங்கே வாசித்த குருநகர்ப் பிள்ளை ஒன்றுதான் ஊரில் இருந்த தாய்க்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறது. தாய் பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் அவர் என் வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. பதக்கம் அப்படியே இருந்தது. நான் கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"மாஸ்ரர், நான் எஞ்சினுக்காக அத்தானைக் கொலை செய்தனான் எண்டு எழுதியிருக்கிறியளாம்."

"அது நீர் இல்லைத் தம்பி, ஒரு பாத்திரம்."

"பாத்திரம் பண்டம் எனக்குத் தெரியாது. அக்கா என்னோடை கதைக்கிறேல்லை. அண்டைக்குத் தொடக்கம் அவவுக்கும் பிள்ளையளுக்கும் உழைச்சுக் குடுத்தது நான். இப்ப என்னைக் கண்டால் குசினிக் கதவைச் சாத்துறா." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்களும் அந்த வள்ளத்திலைதானே இருந்தனீங்கள்?"

"ஓம்."

"அப்ப ஒரு உதவி. அக்காவிட்டை ஒருக்கா வந்து, உது முழுக்கக் கற்பனை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் படிச்ச மனுசன், சொன்னால் நம்புவா. வேறை ஒண்டும் கதைக்க வேண்டாம்."

வேறு ஒன்றும் கதைக்க வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. என்னைச் சங்கடப்படுத்த விரும்பவில்லையாக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அவர் போன பிறகு, கற்பனை என்ற சொல்லோடு தப்பிவிடக் கூடாது, இந்தத் தடவையாவது முழுவதையும் சொல்வது என்று தீர்மானித்தேன். தாள்களைப் பழையபடி மாற்றி, என்னையும் என் குரலையும் வள்ளத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து, இரண்டாம் பதிப்புக்கும் ஆயத்தம் செய்தேன். பிறகு அவருடைய அக்காவிடம் போனேன்.

அவர் முற்றத்தில் பலகையில் இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். கை நிற்கவில்லை.

"புத்தகம் எழுதினவரோ?"

"ஓம் அம்மா. அதிலை நான் எழுதினது பொய். உங்கடை தம்பிக்கும் அவருக்கும் பகை இருக்கேல்லை. சூடு விழ முன்னம் அவர் கயிறு வெட்டேல்லை. வள்ளம் தாழுமட்டும் கையாலை இழுத்துப் பாத்தவர். வெட்டச் சொல்லி முதல் கத்தினது நான். பழி எனக்குத்தான்."

கை நின்றது.

"வெட்டினதோ?"

"ஓம்... எங்கடை வள்ளமும் தாழப் பாத்தது."

"கயிறு அறுந்து போச்சுதெண்டெல்லோ தம்பி சொன்னவன். இவ்வளவு காலமும்." குரல் உயரவே இல்லை. "புத்தகத்திலை வெட்டினதெண்டு கிடக்கெண்டு கேட்டதுக்கும், அது கதை அக்கா, கயிறு அறுந்ததுதான் எண்டவன். மாதா படத்திலை கை வைச்சுச் சொன்னவன்."

என் பொய்யைச் சரிக்கட்டப் போய் அவருடைய பொய்யை உடைத்துவிட்டேன். அது அந்தக் குடும்பம் இத்தனை வருடம் சோறு தின்று படுத்தெழும்பிய பொய்.

"அவன் வெட்டேக்கை," என்றார் அந்த அம்மா, "இவர் உயிரோடை இருந்தவரோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்னை மறுக்க அந்த வள்ளத்திலிருந்து வேறு யார் வரப்போகிறார்கள்? உண்மை சொல்ல வந்திருக்கிறேன் என்ற பெருமை இன்னும் என்னை விடவில்லை.

"தெரியாது அம்மா," என்றேன்.

அவர் தலையாட்டினார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றார். மகளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணியும் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரமே தம்பி வந்தார். இந்தத் தடவை வெளிவாசல் படலைக்கு வெளியே நின்றார். "நான் கேட்டது ஒரு சொல்லு, மாஸ்ரர்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் பதிப்பு எவ்வளவோ திறம் என்றார்கள். யாரோ வெருட்டி மாற்ற வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு கதை உலாவியது. அதனால் குருநகரில் முதல் பதிப்பையே உண்மை என்று நம்பினார்கள். நான் பேப்பரில் விளக்கம் எழுதினேன். அது பேச்சைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

அந்த அம்மா தம்பியோடு பிறகு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. போன மழைக்காலத்தில் சாகும்போது, தன் சவப்பெட்டியில் அவன் கை படக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாராம். செத்த வீட்டுக்கு நான் போனேன். சேமக்காலையில் எல்லோரும் வரிசையாக ஒரு பிடி மண் போட்டார்கள். அவர் மதிலோரமாக நின்றுவிட்டு, வரிசை முடியும் முன்பே போய்விட்டார்.

சில வாரங்களுக்குப் பிறகு கரைக்குப் போய் அவரைக் கண்டேன். எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். நடந்ததை ஒளிக்காமல் எழுதப்போகிறேன், அனுமதி வேண்டும் என்றேன்.

"இன்னும் எழுதப் போறியளோ?" என்றார். துணியால் கையைத் துடைத்தார். "எழுதுங்கோ. இனி ஆர் இருக்கினம் கோவிக்க? பேர் மட்டும் போடாதேங்கோ."