நல்லா இருக்கோம்னு சொல்லு

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால், "நல்லா இருக்கோம்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. கூரை ஒழுகினாலும் அதுதான், மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தாலும் அதுதான். மனக்குறையெல்லாம் வந்தவர் பஸ் ஏறிய பிறகுதான் வெளியே வரும். இதைப் பெரிய பண்பாடு என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஒரு வார்த்தையால் ஆப்பிரிக்காவில் ஒரு ஆற்றங்கரையே கைமாறிப் போனது. வார்த்தையைச் சொன்னது என் அண்ணன். அதைப் பிரெஞ்சில் எடுத்துச் சொன்னது நான்.

வில்லியனூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். பிறந்த வீடு பாகூர்ப் பக்கம். அண்ணன் அங்கேதான் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு அதிகாரி போன் செய்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசும் ஒரு நாட்டிலிருந்து நம் விவசாயத்தைப் பார்க்க ஒரு குழு வருகிறது, மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். பேச்சோடு பேச்சாக என் சொந்த ஊரைத் தெரிந்துகொண்டதும் குஷியாகிவிட்டார். "அப்ப உங்க அண்ணன் நெலத்தையே காட்டிடலாம் மேடம். ரோட்டு மேலயே இருக்கு, கார் போவும்" என்றார். ஒரு நாட்டுக்கே வழிகாட்டப் போகும் நிலத்தை அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

வந்தவர்களில் எனக்கு நினைவில் நிற்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர்கள் அமைச்சரின் ஆலோசகர். நம் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். இன்னொருவர் விவசாயி. ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உயரம். ஆலோசகரும் அதிகாரியும் முன்னால் ஒரு காரில் போக, விவசாயி என்னோடு பின்னால் வந்த காரில் உட்கார்ந்திருந்தார். அதனால் மனம்விட்டுப் பேசினார்.

ஆறு விரிந்து கடலைத் தொடுகிற இடத்தில் அவருடைய ஊர். வெள்ளம் வந்தால் நெல் விதைப்பார்கள், வெள்ளம் வடிந்தால் அதே நிலத்தில் மாடு மேய்ப்பார்கள். தனி ஆளுக்குப் பட்டா கிடையாது, ஊருக்கே பொது. இனிமேல் வெளியிலிருந்து அரிசி வாங்க மாட்டோம் என்று ஆட்சியில் இருந்தவர்கள் தேர்தலில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்காக அந்த நிலத்தை ஒரு கம்பெனியிடம் கொடுத்து, பம்ப் வைத்து, கால்வாய் வெட்டி, வருஷம் முழுக்க நெல் போடுவதாகத் திட்டம். ஊர் சம்மதித்தால்தான் வெளிநாட்டு உதவி கிடைக்கும் என்பதால் ஊர்க்காரர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்கள். ஊர் இரண்டுபட்டுப் போய், கடைசியில் இவரை அனுப்பியது. "பம்ப் வைத்து ஒரு தலைமுறை விவசாயம் செய்தவர்களைப் போய்ப் பார். நன்றாக இருக்கிறார்களா என்று கேள். நீ வந்து சொல்கிறபடி செய்கிறோம்" என்றார்களாம். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

அண்ணனின் போர்க்கிணறோ அதற்கு முன்பே உப்பாகிப் போயிருந்தது. கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆளாளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு ஆழமாக இறக்கி உறிஞ்சியதில் கடல் தண்ணீர் நிலத்துக்கடியில் உள்ளே வந்துவிட்டது. ரோட்டோரத் துண்டு மட்டும் ஏரித் தண்ணீரில் பச்சென்று இருந்தது. தென்னைகளுக்குப் பின்னால், காரிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கரும்பு காய்ந்து நின்ற கொல்லை. மண் மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மோட்டாருக்குக் கரண்ட் இலவசம், அது இழுத்துக் கொட்டுவதோ உப்பு.

அண்ணி காலையிலேயே கேன் தண்ணீர் வாங்கி அடுக்கிவிட்டாள். சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். கை கழுவக்கூட அதையே ஊற்றினாள். "போர் தண்ணிய வாயில வைக்க முடியுமா? வந்தவங்க நம்மள இன்னா நெனைப்பாங்க?" என்றாள். அதிகாரி எங்களிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. அவருக்கு அந்தக் கவலையே இல்லை. எங்களைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

சாப்பிட்டு முடித்து வரப்பில் நின்றபோது அந்த விவசாயி கேட்டார். "இத்தனை வருஷம் பம்ப்பை நம்பி வாழ்ந்திருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறீர்களா?" நான் தமிழில் சொன்னேன்.

"நல்லா இருக்கோம்னு சொல்லு" என்றான் அண்ணன். "ஒரு கொறையும் இல்ல."

"அண்ணா, அவரு சும்மா விசாரிக்கல. போர வச்சி நல்லா இருக்கமான்னு கேக்குறாரு. அவங்க ஊரு நெலமே இதுலதான் இருக்கு."

"வந்தவங்க கிட்ட வூட்டுக் கதைய அவுத்து வுடுவாங்களா? இப்பத்தான் வவுறாரச் சாப்ட்டு நிக்கிறாரு மனுசன். நல்லா இருக்கோம்னு சொல்லுடி."

சொன்னதைச் சொல்வது என் வேலை. சொன்னேன். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நெஞ்சு எரிகிறது என்பது வேறு விஷயம்.

அந்த மனிதர் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கடவுளுக்கு நன்றி சொன்னார். அவர் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. ஆலோசகர் சட்டென்று செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கிளம்பும்போது அண்ணி முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, "நம்மைப் போல ஒருவனைக் கையைப் பிடித்துக் கேட்டேன், நன்றாக இருக்கிறான்" என்று சொன்னாராம். ஊர் சம்மதித்துவிட்டது. அடுத்து ஒரு படம். கால்வாய் தொடங்கும் இடத்தில் பெரிய பேனர், அதில் அண்ணனும் அவரும் கைகோத்து நிற்கிறார்கள். "ஆப்பிரிக்காவுல எனக்குக் கட்டவுட்டு வச்சிருக்கானுங்கடி" என்று அண்ணன் அதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினான்.

பிறகு வந்த செய்திகள் சுருங்கிக்கொண்டே போயின. கம்பி வேலி போட்டுவிட்டார்கள். ஆற்றுக்கு வழியில்லாமல் மாடுகளை விற்றுவிட்டார்கள். கம்பெனி கொடுத்த விதை, கம்பெனி சொன்ன விலை. அதற்குள் அமைச்சர் மாறினார். முந்தினவர் பெயர் சொல்லும் திட்டம் நமக்கெதற்கு என்று புது அமைச்சர் பம்ப்புகளுக்கு டீசல் கொடுப்பதை நிறுத்தினார். வேலியை மட்டும் பிரிக்கவில்லை. ஆலோசகர் புது அமைச்சருக்கும் ஆலோசகராக இருந்தார். இதையெல்லாம் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? அண்ணன் பின்பக்கக் கொல்லையை மனை போடுகிறவர்களிடம் விட்டுவிட்டு, மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான்.

இந்த வருஷம் கோடையில் அந்தச் செய்தி வந்தது. "தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, நிலத்தில் உப்பு மேலே வந்துவிட்டது. எங்கள் பழைய நெல்லும் முளைக்கவில்லை. பொறியாளர்கள் போய்விட்டார்கள். உங்கள் அண்ணன் இத்தனை வருஷம் பம்ப் வைத்து நன்றாக இருக்கிறவர். உப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டுச் சொல்லுங்கள். ஊரே காத்துக்கொண்டிருக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். அண்ணன் யூனிபார்மும் தொப்பியுமாக டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். செய்தியைப் போட்டுக் காட்டி, தமிழில் சொன்னேன். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"நான் இன்னாடி பண்ணுவேன்? மரியாதைக்கு ஒரு வார்த்த சொன்னா, அத நம்பி ஊரையே எழுதிக் குடுப்பாங்களா?"

"அத கேக்கத்தான் வந்திருக்காருன்னு அப்பவே சொன்னேன்ல!" என்று கத்திவிட்டேன். அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"போன குடு. நானே சொல்லிடறேன். நீ அப்பறம் எடுத்துச் சொல்லு."

மைக் பொத்தானை அழுத்திப் பிடித்து, போனை வாயருகே வைத்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான். "ஐயா, வணக்கம். நல்லா இருக்கீங்களா? நாங்க நல்லா இருக்கோம்..." சொல்லிவிட்டு அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தான். கட்டைவிரல் தானாக விலகியது. செய்தி போய்விட்டது.

நான் போனை வாங்கி எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னேன். அவர் வருவதற்கு முன்பே போர் உப்பானதை, தென்னைகளுக்குப் பின்னால் இருந்த கொல்லையை, கேன் தண்ணீரை, உப்புக்கு எங்களிடம் வழி எதுவும் இல்லை என்பதை. வீட்டுக்கு வந்தவரிடம் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் கேட்டுவிட்டதாக நீல டிக் விழுந்தது. அண்ணன் டூட்டிக்குப் போகாமல் எதிரிலேயே நின்றான்.

பதில் வர ரொம்ப நேரம் ஆனது. குரல் இல்லை, எழுத்தில்தான் வந்தது. "உங்கள் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நாங்கள் நன்றாக இருக்கிறோம்."

"இன்னா சொல்றாரு?" என்றான் அண்ணன்.

"நல்லா இருக்காங்களாம்" என்றேன்.

அண்ணன் தொப்பியைக் கழற்றி வண்டி சீட்டின் மேல் வைத்துவிட்டு அழுதான்.