பாகலூர் மோட்டார்க் கொட்டகை

காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினேன். முப்பத்திரண்டு மைல், கட்டணம் ஒரு ரூபாய். கல்லாவியிலிருந்து முந்தின நாளே வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது சேலத்தில் இண்டர்மீடியட் படிக்கிறேன். பௌதிகத்தில் வகுப்பில் எனக்குத்தான் முதலிடம். என் பையில் பௌதிகப் புத்தகமும், பாகலூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஆள் பிடித்து எழுத வைத்த கடிதமும் இருந்தன. அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் மின்சாரம் தாக்கி இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. பரீட்சை என்று சொல்லிச் சாவுக்கு நான் போகவில்லை. “மோட்டாரை ஒருத்தரும் தொட மாட்டேங்கிறாங்க. உருளைச் செடி வாடுது. நீதான் வரணும்” என்று கடிதம் முடிந்திருந்தது. கிணற்றிலிருந்து கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்றுத்தான் அந்த மோட்டாரை வாங்கியிருந்தார்கள்.

ஏழே முக்காலுக்குக் குருபரப்பள்ளி. கொய்யாக் கூடைகள் ஜன்னல் வரை உயர்ந்து வந்தன. சாலையோரம் நெடுக மின்கம்பங்கள். பின் இருக்கையிலிருந்த மிளகாய் வியாபாரி என் மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, இந்தக் கம்பிக்குள்ள என்னதான் ஓடுது? படிச்ச புள்ள, சொல்லு பாப்போம்.”

“விடுய்யா, அதுக்கே தெரியுமோ என்னமோ!” என்றார் பக்கத்திலிருந்தவர். பஸ்ஸே சிரித்தது.

“தெரியாதுங்க” என்றேன்.

போன பொங்கலுக்கு இதே கேள்வியை மாமா கேட்டபோது நான் அப்படிச் சொல்லவில்லை. மேட்டூரில் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றுவதையும், அந்த விசைதான் கம்பி வழியே அவர் கிணற்றுக்கு வருவதையும் நீட்டி முழக்கினேன். “கரண்டும் தண்ணி மாதிரிதான் மாமா. சுவிச்சைப் போட்டா ஓடும், அணைச்சா நின்னுடும்.” வாய்க்கால் மடை திருப்பியே வளர்ந்த மனிதர் அவர். “அட, இவ்வளவுதானா!” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அதன்பிறகு ஊரெல்லாம் “எங்க மச்சினிச்சி சொன்னா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

ஒன்பதரைக்கு ஓசூர். “பேக ஹத்தி! ஏறும்மா, ஏறு!” என்று கன்னடத்திலும் தமிழிலும் விரட்டினார் பாகலூர் பஸ் கண்டக்டர். இன்னும் எட்டு மைல்.

பதினொரு மணிக்கு அக்காவுடன் கிணற்றடியில் நின்றேன். செடிகளின் இலை சுருண்டிருந்தது. கொட்டகை மூடிக் கிடந்தது. சுவிட்சுக்கு மேலே எலி கடித்திருந்த, மாமா தொட்ட கம்பியை லைன்மேன் வந்து மாற்றிவிட்டுப் போயிருந்தார். நாங்கள் நிற்பதைப் பார்த்து நாலைந்து பேர் கூடினார்கள். பக்கத்துத் தோட்டத்து முனியப்பா தலையை ஆட்டினார்.

“கரண்டுக் கம்பியப் போய் வெறுங்கையில புடிப்பானா ஒரு மனுசன்? கிறுக்குப் புடிச்சவன்!”

“கேட்டியா கண்ணு?” என்றாள் அக்கா. “ஊரே இப்படித்தான் பேசுது. சுவிச்சை அணைச்சுட்டுத்தான் தொட்டாரு. ‘நின்ன தண்ணி என்னடி பண்ணும்’னு சிரிச்சாரு. நீ சொல்லித் தந்தபடிதான் செஞ்சாரு. அவரு கிறுக்கன் இல்லைன்னு இவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லு.”

அவள் குரலில் என்மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நான் படித்தவள் என்ற பெருமைதான் இருந்தது.

“மாமா கிறுக்கரில்ல” என்றேன். “நான்தான் பாதி சொல்லிக் குடுத்தேன். சுவிச்சை அணைச்சா மோட்டாருக்குப் போறதுதான் நிக்கும். போஸ்டுலருந்து சுவிச்சு வரைக்கும் கம்பியில அழுத்தம் அப்படியே இருக்கும். மதகை மூடிட்டா ஏரி வத்திடுமா? கரையில ஓட்டை கிடைச்சா அது வழியாப் பாயுமில்ல? மாமா ஈர மண்ணுல நின்னு சுவிச்சுக்கு மேல வர்ற கம்பியத் தொட்டாரு. மண்ணுக்கு இறங்க அவரு உடம்பே வழியாயிடுச்சு. ஓடறதைச் சொன்னேன். நிக்கறதைச் சொல்லல. தப்பு என்னுது.”

முனியப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கே இதையும் சொல்லியிருக்கலாமே கண்ணு.”

கையைத் துடைத்துக்கொண்டு, உலர்ந்த பலகை மேல் ஏறி நின்று, சுவிட்சைப் போட்டேன். மோட்டார் உறுமியது. குழாய் இருமுறை கக்கிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. மாமாவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போனாள் அக்கா. மாலை மூன்று மணி பஸ்ஸுக்கு நான் புறப்பட்டபோதும் அவள் வரப்பில்தான் நின்றாள். “போயிட்டு வரேன்க்கா” என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த மடையை வெட்டினாள்.

திரும்பும் வழியெல்லாம் கம்பிகள் கூடவே வந்தன. அவற்றில் எதுவும் ஓடுவதாகத் தெரியவில்லை.

மறுநாள் அந்தியில் கல்லாவி சேர்ந்தேன். எங்கள் வீட்டுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைத்தேன். சற்றுப் பொறுத்து, நிஜமாகவே அணைந்துவிட்டதா என்று திரியை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது.