கீறல் விழுந்த தகடுகள்

போன மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதனால் ஒரு பிஎச்.டி. தள்ளிப்போனது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருப்பவள் கயல். துருவைத் தடுக்கும் பெயின்ட் பற்றி ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களை எபாக்சி பெயின்ட்டில் கலக்கிறாள். சும்மா கொட்டினால் கட்டி தட்டிவிடுமாம் — அவசரத்துக்குக் கிளறிய உப்புமா மாதிரி. அதனால் துகளுக்கே முதலில் ஒரு ரசாயனப் பூச்சு. அப்புறம்தான் அது பெயின்ட்டோடு ஒத்துப்போகும்.

அந்தப் பெயின்ட் அடித்த இரும்புத் தகடுகள் மொட்டை மாடியில் கிடந்தன. தினமும் உப்புத் தண்ணீர் தெளிப்பாள். இந்தக் கடைசி டெஸ்ட் முடிந்தால்தான் தீசிஸ் கொடுக்க முடியும்.

அவள் லேபுக்குப் போயிருந்த நேரம், லால்குடியிலிருந்து அவள் அப்பா வந்தார். வாழை விவசாயி. மாடி ஏறிப் பார்த்தவர் முகம் வாடி இறங்கி வந்தார்.

"பாப்பாவோட தகட்டுல எல்லாம் யாரோ கத்தியால கீறி வச்சிருக்காங்கம்மா. பெயின்ட் ஏதாச்சும் இருக்கா?"

வாசல் கேட்டுக்கு அடித்த பெயின்ட் மிச்சம் இருந்தது. பிரஷ்ஷும் சேர்த்து எடுத்துக் கொடுத்த புண்ணியவதி சாட்சாத் நானேதான்.

சாயங்காலம் கயல் தகடுகளைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாம்ப்பா கீறினேன். அடிபட்ட இடத்துலேர்ந்து துரு எவ்வளவு தூரம் பரவுதுன்னு பாக்கணும். அதான் டெஸ்ட்டே."

"அப்ப... மறுபடி கீறிடலாமா பாப்பா?"

"இல்லப்பா. புதுத் தகட்டுல பூசி, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவர் விரலில் ஒட்டியிருந்த பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "உன் சாமான்ல கீறலைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியலம்மா."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து அவர் விரல்களைத் துடைத்துவிட்டாள்.

என்னைக் கேட்காமலே என் கீறல்களை மூடிவிட்டவர்கள் எத்தனை பேர்? நான் எழுதிய கதையைக் கிழிகிழியென்று கிழித்து வந்த வாசகர் கடிதத்தை ஒளித்து வைத்த கணவர். என் ஆபரேஷனுக்கு முன்னால் "ஒண்ணுமில்லடி" என்று சிரித்துவிட்டு, வெளியே போய் அழுத அக்கா... அதையெல்லாம் தாண்டி வந்தது என் கெட்டித்தனம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அவர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல எனக்கு ஒரு தகடு தேவைப்பட்டிருக்கிறது.

புதுத் தகடுகள் மாடிக்கு வந்துவிட்டன. கீறல்களோடுதான். லால்குடியிலிருந்து எனக்கு அடிக்கடி போன் வருகிறது:

"பாத்துக்கங்கம்மா... மனசு கேக்கலைன்னு நீங்க எதையும் தொட்டுடாதீங்க."