அத்தையின் இடது கால்

"டாக்டருக்கே பாடம் எடுக்கப் போறியா?" என்று சித்தப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் யார் யாருக்குக் கால் வீங்கியது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் நான் எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டது அது. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகே டாக்டர் அக்காவுக்கு மரபணுப் பரிசோதனை எழுதினார். முடிவை வாங்க இந்தப் பயணம்.

செவ்வாய், காலை 6.10. போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். ஆறு மாதத்துக்கு முன் அக்காவின் இடது கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது. அக்கா தொண்ணூற்றிரண்டு கிலோ. தின்று வரவழைத்துக்கொண்டாள் என்று எஸ்டேட்டில் பேச்சு. நெடுநேரம் உட்காரக் கூடாது என்பதால், விதுரா தாண்டியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக் குதிகாலை ஏற்றி இறக்கினாள்.

"சேச்சி, நடந்தே போனாலும் டிக்கெட் முழுசும் உண்டு, கேட்டோ," என்றார் மலையாளிக் கண்டக்டர்.

"நடந்திருந்தா உங்க வண்டிக்கு முன்னாடி போயிருப்பேன், சேட்டா."

8.50. சாலைக் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் பொங்கலிடும் பொங்காலைக்கு மண்பானை வாங்கினோம், நூற்றிருபது ரூபாய். பக்கத்து மருந்துக்கடையில் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கினேன். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலையே தொடங்க வேண்டும்.

"எனக்கு அது ஆகாது, ரத்தம் உறையும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீ குச்சி, உனக்கென்ன," என்றாள் அக்கா.

10.40. மருத்துவமனை. டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில் பேசினார். ரத்தம் எளிதில் உறையும் தன்மை அக்காவுக்குப் பரம்பரையாக வந்திருக்கிறது. பிறகு என் தாளை எடுத்தார்.

"பிரசவம் கழிஞ்சு இறந்த இந்த அத்தை, இடது கால் வீங்கினவங்க. தடியா?"

"இல்லை டாக்டர். என்னைப் போலத்தான்."

"பின்னே? எடை மேல ஏறி உட்கார்ந்தது மோளே. அடியில இருக்கிறது குடும்பத்து ரத்தம். உனக்கும் இருக்கலாம்."

மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது வேண்டா."

"அப்போ நான் தின்னதால மட்டும் வரலியே?" என்று அக்கா கேட்டாள்.

"மட்டும் இல்ல. ஆனா எடை குறைக்கணும்."

அக்கா அதற்கும் சிரித்தாள். ஆறு மாதத்தில் டாக்டர் அறையில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

11.30. நானும் ரத்தம் கொடுத்தேன். முடிவு வர இரண்டு வாரம். ஞாயிறன்று எனக்கு மாதவிடாய் வந்துவிட்டால் பானை அக்காவுக்கு.

1.15. பேருந்து நிலையத்திலிருந்து சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி, அவளும் ஒல்லிதான். பிரசவத்தில் போன அவருடைய அக்காவின், அந்த அத்தையின், காலைப் பற்றியும் சொன்னேன்.

எஸ்டேட்டில் கால் வீங்கினால் எண்ணெய் தேய்ப்பார்கள். நகரத்தில் நோய்க்குப் பெயர் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் யாராவது முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

"அந்த டாக்டரம்மாகிட்ட டோக்கன் எப்பம்மா கிடைக்கும்?"

"வியாழன் காலை. பதினேழாம் நம்பர். உங்க பொண்ணு பேர்ல எடுத்துட்டேன், சித்தப்பா."