அண்ணாந்து குடித்த தண்ணீர்

என்னால் ஓரிடத்தில் சும்மா இருக்க முடியாது. பாரிஸ் லாச்சப்பலில் நான் வேலை செய்கிற மரக்கறிக் கடையில் இது எல்லோருக்கும் தெரியும். பெட்டி இறக்குகிற வேலை இல்லையென்றால் முருங்கைக்காயை அடுக்குவேன். பிறகு அதைக் கலைத்துத் திரும்பவும் அடுக்குவேன். இப்படிப்பட்ட ஒருவனை, ஒரு நாள் முழுக்க மூச்சுக் காட்டாமல் காட்டுக்குள் நடந்துவிட்டு வா என்று அனுப்பியவள் என் மகள்தான்.

அவள் விரும்பிய பையன் பிரெஞ்சுக்காரன். பையனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகப்பன்தான் பிடி கொடுக்கவில்லை. ஓய்வு பெற்ற தபால்காரர். எங்கள் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற கார் து நோர் நிலையத்திலிருந்து வடக்கே ஒரு மணித்தியால ரயில் தூரத்தில், காட்டோரமாக அவருக்கு வீடு. பியர்ஃபித்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் எழுந்து போனார். அப்பா சரியென்று சொல்லாமல் நகரசபையில் கல்யாணக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று பையனும் சொல்லிவிட்டான். என் மகள் மெலிந்துகொண்டு வந்தாள். அப்படி இருக்கும்போதுதான் அந்த மனுசன் என்னைத் தன்னோடு வேட்டைக்கு வரும்படி கேட்டனுப்பினார்.

என் மகள் என்னோடு பிரெஞ்சில்தான் பேசுவாள். பெரிய விஷயம் என்றால் மட்டும் தமிழ் வரும்.

"அவர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போறேல்லை, அப்பா. உங்களைக் கேட்டிருக்கிறார். எனக்காக ஒருக்காப் போட்டு வாங்கோ."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

என்னைப் பழக்குவதற்காக, அமெரிக்காக்காரர் வான்கோழி வேட்டையாடுகிற வீடியோக்களைக் கைபேசியில் காட்டினாள். முகத்துக்குக்கூடப் பச்சைத் துணி கட்டிக்கொண்டு மரத்தடியில் குந்தியிருக்கிறார்கள். தண்ணீரை முதுகில் ஒரு ரப்பர்ப் பையில் வைத்து, குழாயால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். பிளாஸ்டிக் போத்தல் நசுங்குகிற சத்தம் கேட்டாலே வான்கோழி ஓடிவிடுமாம். பிரான்ஸில் வான்கோழி வேட்டை இல்லை, இங்கே சுடுவது ஃபெசான் என்கிற நீண்ட வால் காட்டுக்கோழி என்று அவள் நாலு தரம் சொன்னாள். என் மனைவி அதைக் காதில் வாங்காமல், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வான்கோழி என்றே சொல்லிவைத்தாள். கடை முதலாளிக்கும் அந்தச் செய்தி போய்விட்டது.

"என்னண்ணை, ஞாயிற்றுக்கிழமை பார்த்து லீவு கேக்கிறியள்? வான்கோழி சுடவோ? எனக்கும் ஒண்டு கொண்டு வாங்கோ, றோல்ஸுக்குப் போடுவம்."

ஞாயிறுதான் எங்கள் கடையில் காலை வைக்க இடமில்லாத நாள். இரவு கடை பூட்ட முன் வந்து பெட்டி ஏற்ற உதவுவதாகச் சொல்லித்தான் விடுப்பு வாங்கினேன்.

எனக்குச் சீனி வருத்தம். கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தொண்டை வறண்டுவிடும். ரப்பர்ப் பைக்கெல்லாம் போக நேரமில்லை. மனைவி ஆறு சின்னப் போத்தல் தண்ணீரை முதுகுப் பைக்குள் அடைத்தாள். கடையில் ஆக மலிவானவை, கை பட்டாலே நெளிகிற சாதி.

"தண்ணி இல்லாமல் எங்கையாவது விழுந்து கிடந்து அந்தாளுக்கு முன்னாலை மானத்தை வாங்காதேங்கோ," என்று வழியனுப்பினாள்.

செப்டம்பர் கடைசி. குளிரும் என்று நினைத்தால் வெயில் எரித்தது. அவர் எனக்கு ஒரு செம்மஞ்சள் மேலங்கி தந்தார். அவரிடம் துவக்கு, முன்னால் மண்ணிற நாய், பின்னால் நான். என்னிடம் அனுமதிப் பத்திரம் இல்லாததால் கூட நடப்பது மட்டும்தான் என் வேலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. அவர் நின்றால் நிற்க வேண்டும். எனக்கோ கால் தானாக நகரும், சருகு நொறுங்கும். பேசக் கூடாது என்றபடியால் நெஞ்சுக்குள் நானே பேசிக்கொண்டு வந்தேன். இந்த மனுசனுக்கு என்னைப் பிடிக்குமா? பிடிக்காமல் போனால் என் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பது?

நாய் ஒரு புதருக்கு முன்னால் காலைத் தூக்கியபடி உறைந்து நின்றது. அவர் துவக்கை உயர்த்தினார். சரியாக அந்த நேரம் பார்த்து எனக்குத் தொண்டை வறண்டது. போத்தலைத் திறந்தேன். கறக் முறக் என்றது. புதரிலிருந்து ஒரு பெரிய பறவை அடித்துக்கொண்டு கிளம்பி, மரங்களுக்கு அப்பால் போய்விட்டது. அவர் துவக்கை இறக்கினார். என்னைப் பார்த்தார். இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தபோது ஒரு பெருமூச்சு விட்டார். இவ்வளவுதான், சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன்.

வழியில் இருந்த வாய்க்கால் வற்றிக் கிடந்தது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்தது. பாவமாக இருந்தது. என் கையைக் குழித்து, அதில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கை முழுக்க எச்சிலாக்கி நக்கிக் குடித்தது. அப்போதுதான் அந்த மனுசன் முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நாய்க்கு இன்னும் இன்னும் ஊற்றினேன். மத்தியானத்துக்குள் ஆறு போத்தலும் காலி.

விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தோம். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கேட்க வெட்கம். அவர் கம்பளியுறை போட்ட தன் அலுமினியப் போத்தலை எடுத்து இரண்டு மிடறு குடித்தார். அதன் வாயைச் சட்டைக் கையால் துடைத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன். முகத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்து, அண்ணாந்து ஊற்றிக் குடித்தேன். சிறுவயதிலிருந்து அப்படித்தான். யோசித்துச் செய்வதில்லை. போத்தலை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் முகம் மாறியிருந்தது. போத்தலை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நாய் உங்கள் கையை நக்கியது, நீங்கள் ஒன்றும் நினைக்கவில்லை. என் போத்தலில் வாய் வைக்க அருவருப்பா?"

என் பிரெஞ்சு மரக்கறி விற்கப் போதும், இதை விளக்கப் போதாது. இல்லை, இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன். இது எங்கள் வழக்கம், உங்களுக்குச் செய்கிற மரியாதை, என் வாய் பட்டால் உங்களுக்கு எச்சில் ஆகிவிடும், வாய் வைக்காவிட்டால் ஒரே போத்தலில் எத்தனை பேரும் குடிக்கலாம் என்று தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தேன். சொன்னதில் பொய் இல்லை.

அவர் தலையாட்டினார். முகம் தெளிந்தது.

"அப்படியானால் உங்கள் வீட்டில் யார் வந்தாலும் ஒரே பாத்திரத்தில் குடிக்கலாம்?"

ஓம் என்றேன். இது பொய்.

"நல்ல பழக்கம்," என்றார்.

அதற்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், காலி போத்தல்களைப் பைக்குள் போட்டேன், வெளியே எடுத்தேன். நான் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த ஒருவன், அந்த மரத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் ஒரு தமிழ்ப் பையனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வில்லியே லே பெல்லில் இருப்பவன். எங்களிலிருந்து இரண்டாவது நிலையம்தான். நல்ல வேலை, நல்ல மரியாதை. அவன் வருவதற்கு முன்பே நான் நாலு இடத்துக்குத் தொலைபேசி எடுத்து, தாய் தகப்பன் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரித்து முடித்திருந்தேன். எங்கள் சாதி இல்லை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் தண்ணீர் கேட்டபோது குசினிக்குள் போய் மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்: "அந்தக் காகிதக் கப்பிலை குடு." பிறந்தநாள் விழாவில் மிஞ்சிய கப். எங்கள் மூன்று பேருக்கும் எவர்சில்வர் டம்ளர்.

அவன் டம்ளர்களைப் பார்த்தான், கப்பைப் பார்த்தான். தண்ணீரைக் குடித்து முடித்தான். போகும்போது அந்தக் கப்பை மடித்துத் தன் ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். பிறகு அவன் வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. இங்கே பிறந்த என் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் தேங்காய் உடைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்று அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இந்தப் பிரெஞ்சுக்காரரின் ஊர், குலம், கோத்திரம் எதையும் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

அவர் போத்தலைத் திரும்பவும் நீட்டினார். நான் வாயை வைத்தேன். உதட்டில் அலுமினியம் பட்டது, புகையிலை வாசம் அடித்தது. மூச்சு விடாமல் குடித்தேன். அவர் என் தோளில் தட்டினார்.

பின்னேரம் ஒரு ஃபெசானைச் சுட்டார். காலி போத்தல்களை என் பையிலிருந்து தானே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பறவையைப் பழைய பேப்பரில் சுற்றி வைத்தார். "உங்கள் குடும்பத்துக்கு," என்றார். அடுத்த ஞாயிறு எல்லோரும் வாருங்கள், தேதி பேசுவோம் என்றும் சொன்னார். வந்த காரியம் முடிந்தது. மனது துள்ளியிருக்க வேண்டும்.

திரும்பி வந்த ரயில் வில்லியே லே பெல்லில் நின்றது. கதவு திறந்தது. அங்கே ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்கப் பயந்து, எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனேன். அங்கும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கார் து நோர் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.

கடை வாசலில் மகள் எனக்காகக் காத்திருந்தாள். கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். பிரெஞ்சுப் பையன் மூலம் செய்தி முன்னமே வந்துவிட்டது. ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. எத்தனை மாதத்துக்குப் பிறகு பார்க்கிற சிரிப்பு! அந்தச் சந்தோஷத்தில் நான் வாயைக் கட்டாமல், போத்தல் கதையைப் பெரிய பகிடியாகச் சொன்னேன். நான் அண்ணாந்து குடித்தது, அவர் கோபித்தது, பிறகு நான் குடித்துக் காட்டியது.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அவரின்ரை போத்திலிலை வாய் வைச்சுக் குடிச்சனீங்களோ, அப்பா?"

தமிழில் கேட்டாள்.

"ஓம்."

குரலை உயர்த்தவில்லை.

"அப்ப உங்களாலை ஏலும்."

தன் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை என் கையில் வைத்துவிட்டு நிலையத்தை நோக்கி நடந்தாள். உள்ளேயிருந்து முதலாளி, வான்கோழி எங்கேயண்ணை என்று கூப்பிட்டார். அந்தத் தண்ணீரை எப்படிக் குடிப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.