வாசற்படி மட்டத்துக்கு ஒரு தரை

என் நாத்தனார் ஒச்சாயி மாதிரி ஒரு பிடிவாதக்காரியோடு குடும்பம் நடத்தியவர்கள் யாராவது இருந்தால் வரட்டும், உட்கார்ந்து பேசுவோம். நான் வில்லாபுரத்துக்கு வாழ வந்த முதல் நாளே அவளை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினேன். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் உறவு, எங்கள் சண்டையும் அன்றைக்கேதான்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டன. உள்ளங்கை இரண்டையும் தரையில் ஊன்றி உடம்பை நகர்த்தி நகர்த்திப் போவாள். சமதரையில் அவள் வேகத்துக்கு என்னால் நடந்து ஈடுகொடுக்க முடியாது. அடுப்படியில் சோறு வடிப்பாள், குழம்பு கூட்டுவாள், பருத்தி பிரிப்பாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னை வேலையும் வாங்குவாள். ஆனால் நிலைப்படி வந்தால் நின்றுவிட வேண்டும். எங்கள் வீட்டில் அடுப்படிக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று, தெருக்கதவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அரைச் சாணுக்கு மேல் உயரம். தானே ஏறிப் பார்க்கிறேன் என்று ஒருதரம் தலைகுப்புற விழுந்து முன்பல்லைப் போக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு, "மதினி, ஒரு கை குடுங்க" என்ற குரல் எனக்குக் கனவில்கூடக் கேட்கும்.

நானும் என் வீட்டுக்காரர் காசிமாயனும் காட்டு வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவோம். உள்ளே இருப்பவளால் தெருக்கதவு வரை வரவும் முடியாது, தாழ்ப்பாள் எட்டவும் எட்டாது. திறந்துபோட்டுவிட்டா போக முடியும்?

அப்படிப் பூட்டிவிட்டுப் போன ஒரு நாள் அவளுடைய சிநேகிதி ஜெயக்கொடி வந்திருக்கிறாள். இருவரும் ஒன்றாகக் கல்லாங்காய் விளையாடி வளர்ந்தவர்கள். ஜெயக்கொடி புருஷனோடு கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள். கதவில் பூட்டைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று நினைத்துத் திரும்பிவிட்டாள். அடுப்படியிலிருந்து இவள் போட்ட சத்தம் அடைமழையில் தெருவுக்குக் கேட்கவில்லை. நாங்கள் வந்தபோது ஒச்சாயி அடுப்படி நிலைப்படியில் நெஞ்சைச் சாய்த்துக் கிடந்தாள். "வாடின்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையே மதினி" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் எங்களுக்குப் பருத்தி நல்ல விலைக்குப் போனது. சாணி மெழுகின மண்தரையை எடுத்துவிட்டுக் கல் பதிக்கலாம் என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். யாரிடம் வேலையைக் கொடுப்பது என்று அவர் யோசிப்பதற்குள் அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"அண்ணே, ஆளை நான்தான் பாப்பேன்."

"ஒனக்கென்னடி தெரியும் கொத்து வேலையைப் பத்தி?"

"நீங்க அம்புட்டுப் பேரும் தரையை மிதிச்சிட்டுப் போறவக. நான் அதுலயே கெடக்கிறவ. ஒருத்தன் போட்ட தரையில நான் ஒரு சுத்து சுத்தி வந்துட்டுத்தான் அவனுக்கு வேலை. இல்லைன்னா மண்தரையே இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேலே கூரையைப் பார்த்தேன்.

முதலில் வந்தவர் கண்டிராக்டர் கண்ணுச்சாமி. குடையும் அங்கவஸ்திரமுமாக வந்தார். "கூடத்துக்கு நடுவுல தாமரைப்பூ, நாலு மூலையிலயும் அன்னப்பட்சி, சும்மா அரமணை மாதிரி ஆக்கிப்புடுறேன்" என்று என் வீட்டுக்காரரிடமே பேசிக்கொண்டிருந்தார். ஒச்சாயி இருக்கிற பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை. அவர் கல் பதித்த ஜவுளிக்காரர் வீட்டுக்கு மாசி வீதிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். என்ன பளபளப்பு, என்ன பூ! நான் வாயைப் பிளந்துவிட்டேன். ஒச்சாயியை இறக்கிவிட்டோம். நாலு எட்டுத் தூரம் நகர்ந்திருப்பாள், சேலை ஒரு கல்லின் துருத்திய விளிம்பில் மாட்டிப் பர்ரென்று கிழிந்தது. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். கீறி ரத்தம் துளிர்த்திருந்தது.

"பூ நல்லாத்தான் இருக்கு மதினி. பூவுக்கும் பூவுக்கும் நடுவுலதான் கத்தியை நட்டு வச்சிருக்காரு" என்றாள்.

கண்டிராக்டர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தது யார் தெரியுமா? என் கூடப்பிறந்த அண்ணன் பால்பாண்டி. பேரையூரில் பேர்சொல்லும் கொத்தனார். அவர் இருக்கும்போது வேறு ஆளைத் தேடினதே எனக்குக் கோபம். அவனியாபுரத்தில் ஒரு அரிசி மண்டிக்காரர் வீட்டுக்கு அவர் போட்ட தரையைப் பார்க்கப் போனோம். ஒச்சாயி கூடம் முழுக்கச் சுற்றினாள். கை கிழியவில்லை, சேலை மாட்டவில்லை. என் மனசு குளிர்ந்தது. அப்புறம் அந்தச் சண்டாளி, "ஒரு செம்புத் தண்ணி குடுங்க" என்றாள். குடிக்கத்தான் கேட்கிறாளாக்கும் என்று நானே வாங்கிக்கொடுத்தேன். அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டாள். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் கூடத்துக்கு நடுவில் போய்த் தேங்கி நின்றது.

"மச்சான், இதுல கெண்டை மீன் விடலாம் போல இருக்கே" என்றாள் என் அண்ணனைப் பார்த்து.

அண்ணனுக்கு மூக்கு நுனி வரை சிவந்துவிட்டது. "மாப்ள, பொம்பளை பேச்சைக் கேட்டு என்னைய இம்புட்டுத் தூரம் இழுத்து வந்து அசிங்கப்படுத்திட்டீரு! இனி ஒம்ம வீட்டு வாசப்படியை மிதிச்சா நான் பால்பாண்டி இல்லை!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான், அந்த வருஷத் தீபாவளிக்குக்கூட வரவில்லை.

வண்டியில் வரும்போது நான் பொரிந்து தள்ளினேன். "அவரு என் அண்ணன்டி! கொஞ்சம் தண்ணி நின்னா என்ன, துணியை வச்சுத் தொடைச்சா போச்சு!"

"நீங்க துணியால தொடைப்பீங்க மதினி. நான் சேலையால தொடைக்கணும்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம் என்பதாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவளோடு பேசாமலேயே ஒவ்வொரு படியாகத் தூக்கி இறக்கினேன். அவளும், "கை குடுங்க" என்று கேட்காமல் கையை மட்டும் நீட்டினாள். வாயை மூடிக்கொண்டு ஒருத்தியைத் தூக்குவது இரண்டு பேரைத் தூக்குவது போல இருக்கிறது, என்ன செய்ய.

தல்லாகுளத்தில் ஒரு கோர்ட்டு குமாஸ்தா வீட்டுக்கு வரப்புத் தகராறு விஷயமாக என் வீட்டுக்காரர் போய்வந்துகொண்டிருந்தார். அந்த வீட்டுத் தரை வழுவழுவென்று இருக்கிறதென்று சொன்னார். அவ்வளவுதான், வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டாள். அங்கே பூவும் கிடையாது, அன்னப்பட்சியும் கிடையாது. வெறும் சிவப்புக் கல். ஒச்சாயி கூடத்தில் இறங்கினாள். ஒரு கை வைத்தாள், இன்னொரு கை வைத்தாள், அப்புறம் ஆளைக் காணோம். பின்கட்டு வரை போய் அதே வேகத்தில் திரும்பி வருகிறாள், முகமெல்லாம் சிரிப்பு. குமாஸ்தா சம்சாரம் பதறிப்போய்ச் சுவரோடு ஒதுங்கி நின்றார். செம்புத் தண்ணீர் பரீட்சையும் நடந்தது. தண்ணீர் யாரும் சொல்லாமலே முற்றத்துப் பக்கம் ஓடியது. என் கோபமெல்லாம் எங்கே போனதோ, நானும் சிரித்துவிட்டேன்.

"மலையாண்டின்னு ஒருத்தன் போட்டது. வேலை நல்லா இருக்கும். வாய் நல்லா இருக்காது" என்றார் அந்த அம்மாள்.

உண்மையைத்தான் சொன்னார். மறுநாள் வந்த மலையாண்டி, வா என்று கூப்பிட்டதற்குக்கூடத் தலையாட்டவில்லை. குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "எலிப் பொந்து. முழுக்கத் தோண்டணும்" என்றான்.

"தோண்டுங்கண்ணே. ஆனா போடுறப்ப நிலைப்படி உசரத்துக்குத் தரையை ஏத்திப் போடணும். படியும் தரையும் ஒரே மட்டமா இருக்கணும்" என்றாள் ஒச்சாயி.

இதை அவள் எங்களிடம்கூட அதுவரை சொல்லவில்லை. எனக்கே திக்கென்றது. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற படி. அதில் உட்காரக் கூடாது, அதில் நின்று தும்மக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

மலையாண்டி அவளை மேலும் கீழும் பார்த்தான். "படி மறைஞ்ச வீடு வெளங்குமா? நான் மாட்டேன்."

"ஏண்ணே?"

"ஏனா? நாளைக்கு இந்த வீட்டுல ஒரு மாடு செத்தாலும், அன்னைக்குப் படியை மூடுனானே ஒரு கொத்தன், அவனால வந்ததுன்னு என்னையத்தான் மண்ணை வாரித் தூத்துவீக. ஒரு வீட்டுல பேரு கெட்டா ஒம்பது ஊருல எனக்கு வேலை கெடைக்காது. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு, ஆத்தா."

என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். "தரையை ஏத்துனா கதவு தொறக்காதுடி. கதவுக் காலை அறுக்கணும். அப்பா தேடித் தேடி வாங்கிப்போட்ட தேக்கு. அதுல ரம்பம் வைக்கச் சொல்றியா?"

ஒச்சாயி என் பக்கம் திரும்பினாள். "மதினி, சாமி மாடத்துல இருந்து சூடமும் தீப்பெட்டியும் எடுத்து வாங்க. என்னையத் தெருக்கதவுப் படிகிட்ட கொண்டுபோயி விடுங்க" என்றாள்.

கொண்டுபோய் விட்டேன். படியின் மேல் சூடத்தை வைத்தாள், கொளுத்தினாள். எங்கள் பக்கத்தில் சூடம் அணைத்துச் சொன்ன வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. கோர்ட்டில் பொய் சொல்கிறவனும் அதற்குப் பயப்படுவான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"சாமி சத்தியமாச் சொல்றேன். இந்த வீட்டுக்கு நாளைக்கு நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் அதுக்குக் கொத்தனாரு பொறுப்பில்லை. கேட்டது நான். பழி வந்தா எனக்கு வரட்டும்" என்று சொல்லி, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தன் அண்ணன் பக்கம் திரும்பி, "இந்தப் படியில லெச்சுமி இருக்கான்னா, நான் ஒரு நாளாவது வாசலுக்கு வந்து அவளுக்குக் குங்குமம் வச்சிருப்பேனா அண்ணே? என்னையப் பூட்டி வச்ச கதவு. அரைச் சாண் அறுத்தா அது செத்தா போகும்?" என்றாள்.

கையை எடுத்தபோது காய்ப்புக் காய்த்த உள்ளங்கையில் கரி மட்டும்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மூக்கைச் சிந்தினேன்.

மலையாண்டி படியின் உயரத்தை விரலால் அளந்து பார்த்தான். "படியை ஒடைக்க மாட்டேன். மேல்முகம் வெளியில தெரியும். மஞ்சக் குங்குமம் அதுல வச்சுக்கிருங்க. ஆசாரியை வரச் சொல்லுங்க, கதவை அறுக்கணும்" என்றான். போகும்போது திரும்பி, "வேலை முடியுற மட்டும் தண்ணியைக் கவுத்துறேன், அது இதுன்னு எங்கிட்ட யாரும் வரப்படாது" என்று ஒரு உறுமல்.

செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக நின்று திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள். ஆசாரி ரம்பத்தைக் கதவில் வைத்த நாள் என் வீட்டுக்காரர் காட்டில் வேலை இருக்கிறதென்று போய்விட்டார். காட்டில் அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை. ஒச்சாயி மட்டும் பக்கத்திலேயே இருந்து, அறுத்த கையோடு தாழ்ப்பாளையும் கீழே இறக்கி வைக்கச் சொன்னாள். தண்ணீரைக் கவிழ்க்காமலும் அவள் இருக்கவில்லை. மலையாண்டி கத்தினான், இவளும் பதிலுக்குக் கத்தினாள், சிவப்புக் கல் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே வந்தது.

தரை காய்ந்து நாங்கள் புழங்க ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் காட்டுக்குப் போக நான் பழக்கதோஷத்தில் பூட்டைக் கையில் எடுத்தேன்.

"அதை ஆணியில மாட்டுங்க மதினி. நான் தாழ் போட்டுக்கிடுறேன்" என்றாள். நான் தெருவில் இறங்கினதும் உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் திரும்பி வரும் வழியில் என் அண்ணன் பால்பாண்டியைப் பார்த்தேன். ஊர்ப் பொங்கலுக்கு அழைக்க வந்தவர், தெருமுனையிலேயே நின்று சொல்லிவிட்டுப் போகப் பார்த்தார். விடுவேனா, கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வீட்டுக்கு முன்னால் வந்ததும் மாடு மாதிரி நின்றுகொண்டார்.

"வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் நான். ஒனக்கு ஞாபகம் இல்லையா தாயி?"

அவர் பேசி முடிப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விலகியது. கதவு இரண்டு பக்கமும் திறந்தது. தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு ஒச்சாயி வாசலில் இருந்தாள். முப்பது வயது அவளுக்கு. பிறந்ததிலிருந்து அந்த வாசலில் ஒரு ஆளை வரவேற்றவள் இல்லை.

"வாங்க மச்சான்" என்றாள். ஓரமாக நகர்ந்து வழிவிட்டாள். "மிதிக்கிறதுக்கு இங்க படி எங்க இருக்கு? சும்மா உள்ள வாங்க" என்றாள்.

அண்ணன் குனிந்து தரையைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

நான் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குத் திரும்பினேன்.

"நீங்க சும்மா இருங்க மதினி. வந்தவுகளுக்கு நான் குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுப்படியிலிருந்து செம்பைத் தரையிலேயே முன்னால் தள்ளித் தள்ளி, பின்னாலேயே நகர்ந்து, கூடத்தைத் தாண்டிக் கொண்டுவந்து என் அண்ணன் முன்னால் வைத்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் செம்பு நிறைந்திருந்தது. என் கண்ணும்தான்.